அப்பா வீட்டை அண்ணன் எடுத்துக்கறேங்கறாரு, விலை எப்படி போடுறது? கைட்லைன் வேல்யூவா மார்க்கெட் ரேட்டா?

வைகைக்கரை_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

அப்பா போன தை மாசம் தவறிட்டாங்க. உயில் எதுவும் எழுதி வைக்கல. மதுரையில ஒரு வீடு இருக்கு, 5 சென்ட் இடம், 1994ல அப்பா தன் சம்பாத்தியத்துல வாங்குனது. 1996ல கீழ்வீடு கட்டுனாங்க 1100 சதுர அடி, 2014ல மாடி எடுத்தது 900 சதுர அடி, மாடிக்கு அண்ணன் தான் லோன் போட்டு செலவு பண்ணாரு, அதுல எங்களுக்கு மறுப்பு இல்ல. நாங்க மூணு பேரு, அண்ணன் நான் தங்கச்சி. அண்ணன் அம்மாவோட அந்த வீட்டுலயே இருக்காரு, நான் ஓசூர்ல வேலை, தங்கச்சி கல்யாணமாகி சிங்கப்பூர்ல.

இப்ப அண்ணன் வீட்டை நானே வச்சுக்கறேன் உங்க ரெண்டு பேருக்கும் பங்கு பணமா குடுத்துடறேங்கறாரு. நல்லது தான், வெளி ஆளுக்கு விக்க எங்களுக்கும் மனசு இல்ல. பிரச்சினை விலைல தான் வருது. அவரு கவர்மெண்ட் கைட்லைன் படி போடுவோம்ங்கறாரு, எங்க தெருவுக்கு சதுர அடி 1,800, அப்படி பார்த்தா இடம் 39 லட்சம், மூணால வகுத்தா ஆளுக்கு 13. கட்டிடம் பழசு அதுக்கு மதிப்பே இல்லைங்கறாரு. நான் அங்க ஒரு புரோக்கரை விசாரிச்சேன் சென்ட் 18க்கு கம்மியா எங்க போகுதுன்னு சிரிக்கிறாரு, இடம் மட்டுமே 90 லட்சம், கட்டிடத்தோட ஒண்ணேகால் கோடி சொல்லலாம்ங்கறாரு. 13 எங்க 40 எங்க. தங்கச்சி வேற, அவ ஃபிரண்டு யாரோ சொன்னாங்கன்னு அப்பா இறந்த தேதிக்கு வேல்யூவேஷன் கண்டிப்பா எடுக்கணுமாம்னு நச்சரிக்கிறா. அண்ணியோ உனக்கு தான் கல்யாணத்துல 40 பவுன் போட்டாங்களேன்னு ஒரு வார்த்தை விட்டுட்டாங்க, அதுல இருந்து தங்கச்சி அண்ணன் போனையே எடுக்கறதில்ல.

யாரை வச்சு மதிப்பு போடுறது, எந்த தேதிக்கு போடுறது, எந்த மதிப்பு சட்டப்படி செல்லும்? சண்டை போட எனக்கு இஷ்டம் இல்ல, ஏமாறவும் இஷ்டம் இல்ல.

ஓய்வுபெற்ற_இன்ஜினியர்:
தம்பி, நான் பல வருஷம் பேங்குகளுக்கும் வருமானவரி விஷயத்துக்கும் வேல்யூவேஷன் ரிப்போர்ட் குடுத்தவன், அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

முதல்ல கைட்லைன் வேல்யூங்கறது என்னன்னு பார்த்துக்கங்க. பத்திரம் பதியும்போது இதுக்குக் கீழ காட்டி முத்திரைக்கட்டணத்தை குறைக்காதீங்கன்னு பதிவுத்துறை தெருவுக்குத் தெரு, சர்வே நம்பருக்கு சர்வே நம்பர் போட்டு வச்சிருக்கிற ஒரு தரை விலை, அவ்வளவு தான். அது உங்க இடத்தோட உண்மை விலைன்னு யாரும் சொல்லல. 2017 ஜூன்ல தமிழ்நாடு பூரா ஒரே நாள்ல 33 சதவீதம் குறைச்சாங்க, 2023 ஏப்ரல்ல பழைய அளவுக்கே ஏத்துனாங்க, 2024 ஜூலைல இன்னொரு தடவை மாத்துனாங்க. 2017ல குறைச்ச அன்னிக்கு உங்க வீட்டோட மதிப்பு ராத்திரியோட ராத்திரியா மூணுல ஒரு பங்கு காணாம போயிடுச்சா என்ன? இதை உங்க அண்ணன்கிட்ட பொறுமையா கேளுங்க.

அதே சமயம் புரோக்கர் சொல்றதும் விலை இல்ல. அவரு சொல்றது விக்கிறவன் கேக்குற விலை. முடிஞ்ச விலை வேற. அதை எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, சுத்துப்பட்டு மனைகளுக்கு ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்து கடைசி ரெண்டு வருஷத்துல நடந்த கிரயம் என்னன்னு எடுப்போம், ஆனா நம்ம ஊர்ல பாதிப் பேரு பத்திரத்துல கைட்லைனை மட்டும் எழுதிட்டு மீதியை கையில வாங்கறதால அந்த பத்திரத்தை மட்டும் நம்புனா திரும்ப கைட்லைன்லயே தான் வந்து நிப்பீங்க. அதனால தெரு ஆளுங்க, சமீபத்துல வாங்குனவங்க, பேங்க் லோன் போட்டு வாங்குனவங்க (இவங்க பத்திரத்துல தொகை கொஞ்சம் நிஜத்தை ஒட்டி இருக்கும்) இப்படி நாலு பக்கமும் விசாரிச்சு தான் சென்ட் விலைக்கு வருவோம். வேல்யூவருக்கு நீங்க குடுக்குற ஃபீஸ் இந்த விசாரணைக்குத்தான், டேப் புடிச்சு அளக்கறதுக்கு இல்ல.

கட்டிடத்துக்கு மதிப்பே இல்லைங்கறது தப்பு. இன்னிக்கு அதே வீட்டை கட்டணும்னா என்ன ஆகும்னு பார்த்து வயசுக்குத் தக்க தேய்மானம் கழிப்போம். உதாரணத்துக்கு கீழ்வீடு 1100 சதுர அடி, சதுர அடிக்கு 2,000னு வச்சா 22 லட்சம், ஆயுசு 60 வருஷம் கடைசில 10 சதவீதம் மிச்சம்னு கணக்கு வச்சா 30 வருஷத்துக்கு 45 சதவீதம் போக 12 லட்சம் சொச்சம் நிக்கும். மாடி புதுசு, 900 சதுர அடி 1,800னு போட்டா 16.2 லட்சம், 12 வருஷ தேய்மானம் 18 சதவீதம் போக 13 லட்சம் சொச்சம். இந்த ரேட்டெல்லாம் சும்மா கணக்கு புரியறதுக்காக சொல்றேன், வீட்டை பார்த்தா தான் தெரியும், ஓதம் ஏறியிருக்கா, கம்பி தெரியுதா, மாடிக்கு பிளான் அப்ரூவல் வாங்குனாங்களா இல்லையா எல்லாமே விலையை மாத்தும். முன்னாடி ரோடு எத்தனை அடின்னும் நீங்க சொல்லல, 30 அடி ரோடும் 12 அடி சந்தும் ஒரே தெருப்பேர்ல இருந்தா கைட்லைன் ஒண்ணு தான், மார்க்கெட் ரெண்டு.

வேல்யூவரை கூப்பிடும்போது எதுக்காகன்னு தெளிவா சொல்லுங்க. இது ரொம்ப முக்கியம். விசாவுக்குன்னு கேட்டா தாராளமா போடுவாங்க, லோனுக்குன்னு கேட்டா பேங்க் நஷ்டப்படக்கூடாதுன்னு கையை இறுக்கிப் போடுவாங்க. குடும்ப பாகத்துக்கு, இன்னிக்கு நியாயமான சந்தை மதிப்பு வேணும், மனை தனி, கீழ்வீடு தனி, மாடி தனியா பிரிச்சு போடுங்கன்னு சொல்லுங்க. வருமானவரித்துறைல பதிவான அரசு அங்கீகார வேல்யூவரா பாருங்க. அண்ணன் ஒருத்தரை நீங்க ஒருத்தரைன்னு ஆளுக்கொரு ஆள் வைக்காதீங்க, மூணு பேரும் ஒத்துக்கிட்ட ஒரே ஆள், ஃபீஸும் பொதுச்செலவு, அளக்கும்போது அத்தனை பேரும் இல்ல அவங்க சார்புல ஒருத்தராவது கூட நிக்கணும். யார் ஃபீஸ் குடுத்தாங்களோ அவங்க பக்கம் முள் சாயும்ங்கற சந்தேகம் இருந்தா ரிப்போர்ட் எவ்வளவு நல்லா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

பத்திரம்_பாண்டி:
இன்ஜினியர் சார் விலையை சொல்லிட்டாரு, ஆனா வகுக்குறதுலயே கோளாறு இருக்கே யாரும் பார்க்கலயா. எதுக்கு மூணால வகுக்குறீங்க? அம்மா எங்க போனாங்க?

அப்பா சுயசம்பாத்தியம், உயில் இல்ல, இந்து குடும்பம்னா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுங்க எல்லாருக்கும் சமபங்கு. மனைவி, மகன், மகள், அப்புறம் இறந்தவரோட அம்மா. தம்பி, உங்க அப்பத்தா இருக்காங்களா? இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு. இதை கேக்காம நாங்க எந்த பாகப்பிரிவினையும் எழுதறதே இல்ல, பாதி வீட்டுல இது தெரியாம தான் பின்னாடி வில்லங்கம் வருது. (கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கு பங்கு கணக்கு வேற, அங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க.)

தங்கச்சிக்கு 40 பவுன் போட்டதுக்கும் பங்குக்கும் சட்டத்துல சம்பந்தம் இல்ல. அவங்களா மனசு வந்து குறைச்சுக்கிட்டா அது வேற.

வைகைக்கரை_தம்பி:
அண்ணே அப்பத்தா இருக்காங்க, 86 வயசு, சித்தப்பா வீட்டுல உசிலம்பட்டில. அவங்களுக்கு பங்குன்னு இதுவரைக்கும் எங்க யாருக்குமே தோணல. தாசில்தார் ஆபீஸ்ல வாங்குன வாரிசு சான்றிதழை இப்ப எடுத்துப் பார்த்தேன், அதுல அப்பத்தா பேரும் இருக்கு!! நாங்க யாருமே அதை கவனிக்கல.

அப்ப அஞ்சு பங்கா? என் பங்கு 20 சதவீதம் தானா. அப்பத்தாவுக்கு எங்க அப்பா போக ரெண்டு அத்தை ஒரு சித்தப்பா. அவங்களும் பங்கு கேப்பாங்களா?

பத்திரம்_பாண்டி:
ஆமா தம்பி அஞ்சு பங்கு. உங்க அம்மா, அப்பத்தா, நீங்க மூணு பேரு.

இப்ப உங்க அத்தை சித்தப்பாவுக்கு எந்த உரிமையும் இல்ல. ஆனா அப்பத்தா எதுவும் எழுதாம போயிட்டா அவங்க அஞ்சுல ஒரு பங்கு அவங்க பிள்ளைங்களுக்கு போகும், சித்தப்பா ஒண்ணு, அத்தைங்க ரெண்டு, செத்துப்போன உங்க அப்பாவோட இடத்துல நீங்க மூணு பேரும் சேர்ந்து ஒண்ணு. அதாவது உங்க வீட்டுல 20ல 3 பங்கு அத்தை சித்தப்பா கைக்கு போயிடும். அதுக்கப்புறம் பாகம் பிரிக்கணும்னா அத்தனை பேரு கையெழுத்தும் வேணும். அப்பத்தா நல்லா நினைவோட இருக்கும்போதே பேசுறது தான் எல்லாருக்கும் நல்லது. அவங்க பங்கை உங்க அண்ணனுக்கு விடுதலைப் பத்திரமா (தன் பங்கை இன்னொரு பங்காளிக்கு விட்டுக்குடுக்கற பத்திரம்) எழுதலாம், இல்ல பேரப்பிள்ளைகளுக்கு செட்டில்மெண்ட் (தானமா குடுக்கற பத்திரம்) எழுதலாம். நடக்க முடியலேன்னா மனு போட்டா சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவாரு, தனி கட்டணம் உண்டு. 86 வயசுங்கறதால டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கி வச்சுக்கங்க. ஆனா ஒண்ணு, பாட்டி தானே ரேகை வச்சா போச்சுன்னு நினைக்காதீங்க, அவங்க பங்குக்கு உண்டான பணத்தை பேங்க் மூலமா குடுங்க, இல்ல வேண்டாம்னு அவங்களே எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். சித்தப்பா வீட்டுல இருக்கிற பாட்டியை கூட்டிட்டுப் போய் சத்தமில்லாம எழுதி வாங்குனா அடுத்த மாசமே கேஸ் வரும்.

பத்திரச் செலவும் சொல்லிடறேன், அண்ணன் அதை வச்சு தான் கைட்லைனை பேசியிருப்பாரு. ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறீங்க. பத்திரத்துல காட்டுற மதிப்பு கைட்லைன் படி இருக்கலாம், குடும்பத்துக்குள்ள விடுதலைக்கும் பாகப்பிரிவினைக்கும் முத்திரை 1 சதவீதம் உச்சவரம்பு 40,000, பதிவுக்கட்டணம் 1 சதவீதம் உச்சவரம்பு 10,000. 2023 ஜூலைக்கு முன்னாடி இது 25,000மும் 4,000மும். உங்க வீட்டுல மனை கைட்லைன் 39 கட்டிடம் ஒரு 25ன்னு வச்சா ஒரு பங்கு 13 லட்சம், முத்திரை 13,000, பதிவு 10,000, முடிஞ்சு போச்சு. இதையே கிரயமா எழுதுனா முத்திரை 7ம் பதிவு 2மும் சேர்ந்து 9 சதவீதம், ஒரு பங்குக்கே லட்சத்தை தாண்டும். ஆக கைட்லைன் பதிவு ஆபீஸுக்கு, மார்க்கெட் மதிப்பு உங்க வீட்டுக் கணக்குக்கு.

கரூர்_மாமா:
நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன் கோச்சுக்காதீங்க. அண்ணன் அப்பா அம்மாவை கூட வச்சு பார்த்துக்கிட்டவரு, ஆஸ்பத்திரி செலவு, ராத்திரி கண்முழிப்பு எல்லாம் அவரு தலைல. வெளிநாட்டுலயும் ஓசூர்லயும் இருக்கறவங்க மார்க்கெட் ரேட் பைசா சுத்தமா கேக்கறது நியாயமா? அவரு வீட்டை விக்கப் போறதில்ல, குடியிருக்கப் போறாரு. 90 லட்சம்ங்கறது வித்தா தான் கைக்கு வர்ற காசு, அவரு லோன் வாங்கி உங்களுக்கு குடுக்கணும். கைட்லைனுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவுல ஒண்ணு பேசி முடிங்க.

கோவை_செல்வி:
கரூர் மாமா சொல்றதுல பாதி எனக்கு சம்மதம், பாதி இல்லீங்க. பார்த்துக்கிட்டதுக்கு மரியாதை வேணும், ஆனா அதை விலையை குறைச்சு காட்டி குடுக்கக்கூடாது. உண்மை மதிப்பை முதல்ல மேசைல வச்சுட்டு, அண்ணா நீங்க பார்த்துக்கிட்டதுக்காக நாங்க இவ்வளவு விட்டுக்குடுக்கறோம்னு வாயால சொல்லி விடணும். அப்ப தான் விட்டவங்களுக்கும் விட்டோம்னு தெரியும், வாங்குனவங்களுக்கும் வாங்குனோம்னு தெரியும். மதிப்பையே மறைச்சுட்டா பத்து வருஷம் கழிச்சு அண்ணன் அந்த வீட்டை ஒன்றரைக் கோடிக்கு வித்தாருன்னு கேள்விப்படும்போது வர்ற கோவம் இருக்கே, அது பேரன் பேத்தி கல்யாணம் வரைக்கும் போகுமுங்க.

எங்க வீட்டுல வேற மாதிரி பண்ணோம். நாலு பேரு, பொள்ளாச்சி பக்கம் தோப்பும் ஒரு வீடும். வேல்யூவர் ரிப்போர்ட் வந்துச்சு, அதுலயும் ஒருத்தருக்கு திருப்தி இல்ல. எங்க பெரியப்பா ஒரு யோசனை சொன்னாரு, ரிப்போர்ட்டை அடிமட்ட விலையா வச்சுக்கிட்டு, வீடு வேணும்ங்கறவங்க ஒவ்வொருத்தரும் அதுக்கு மேல எவ்வளவு குடுப்பீங்கன்னு சீட்டுல எழுதி மடிச்சு குடுங்க, யாரு அதிகமோ அவங்களுக்கு வீடு, மத்தவங்களுக்கு அந்த விலைப்படி பங்கு. விலை ஜாஸ்தின்னு கத்துனவங்களும் கம்மின்னு கத்துனவங்களும் அங்க அமைதியாயிட்டாங்க, ஏன்னா கம்மின்னு சொல்றவங்க அதிகமா எழுதி எடுத்துக்க வேண்டியது தானே. தோப்புக்கு வழக்கம் போல மூத்தவரு பங்கு பிரிச்சாரு, இளையவரு முதல்ல எடுத்தாரு.

உங்க விஷயத்துல வேற யாருக்கும் வீடு வேண்டாம்ங்கறதால சீட்டு சரிப்படாது. ஆனா அண்ணன்கிட்ட இப்படி கேட்டுப் பாருங்க, 39 லட்சம் தான் விலைன்னா அதே விலைக்கு நான் எடுத்துக்கறேன், என்கிட்ட உங்க பங்குக்கு காசு வாங்கிக்கிறீங்களா? சிரிச்சுக்கிட்டே கேளுங்க, சண்டையா கேக்காதீங்க.

மாடி விஷயத்துல அண்ணன் பக்கம் நிக்கறேன். அவரு லோன் கட்டுனதுக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் இருக்கும்ல, அப்பா இடத்துல கட்டுனதால சட்டம் எப்படி பேசும்னு வக்கீல் ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க, ஆனா மாடி மதிப்பை வகுக்கற கணக்குல சேர்க்காம அவருக்கே விட்டுடறது தானுங்க முறை.

ஓய்வுபெற்ற_இன்ஜினியர்:
செல்வி அம்மா சொன்ன மாதிரி போட்டா கணக்கு இப்படி வரும், விலை உறுதியாகலேங்கறதால தோராயமா தான். மனை 90, கீழ்வீடு 12, மொத்தம் 102 லட்சம், அஞ்சு பங்கு, ஆளுக்கு 20 லட்சத்து சொச்சம். தம்பி எதிர்பார்த்த 40ம் இல்ல, அண்ணன் சொன்ன 13ம் இல்ல. இதை பார்த்தா ரெண்டு பேருக்குமே கொஞ்சம் சூடு தணியும்னு நினைக்கறேன்.

தங்கச்சி கேட்ட இறந்த தேதி மதிப்பு, அது அமெரிக்கா லண்டன்ல. அங்க சொத்துக்கு எஸ்டேட் வரி, பரம்பரை வரி இருக்கு, இறந்த தேதி மதிப்புல தான் அந்தக் கணக்கு. நம்ம நாட்டுல எஸ்டேட் டூட்டியை 1985லயே எடுத்துட்டாங்க. சிங்கப்பூர்லயும் 2008ல எடுத்தாச்சு. இங்க பாகம் பிரிக்கிற வரைக்கும் எல்லாரும் கூட்டுச் சொந்தக்காரங்க, விலை ஏறுனாலும் இறங்குனாலும் எல்லாருக்கும் தான், அதனால பிரிக்கிற நாளோட மதிப்பு தான் நியாயம். ரிப்போர்ட் எடுத்துட்டு ரெண்டு வருஷம் இழுத்தடிச்சா அந்த ரிப்போர்ட் செல்லாக்காசு, ஆறு மாசத்துக்குள்ள பணம் கைமாறணும்னு பேசி எழுதிக்கங்க.

2001 ஏப்ரல் 1 தேதிக்கு மட்டும் ஒரு மதிப்பு தனியா தேவைப்படலாம். அது வரி விஷயம், ஆடிட்டர் யாராவது இருந்தா சொல்லுங்க.

கணக்கு_அக்கா:
சொல்றேன் சார்.

அப்பா சொத்து வாரிசா வர்றதுக்கு வருமானவரி கிடையாது. அதை விக்கும்போது தான் கேப்பிடல் கெயின் (வித்த லாபத்துக்கான வரி) வரும், அப்ப வாங்குன விலைன்னு எடுத்துக்கறது அப்பா வாங்குன விலை. 2001 ஏப்ரலுக்கு முன்னாடி வாங்குனதுன்னா அன்னிக்கு இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கலாம், அதுக்கு தான் சார் சொன்ன ரிப்போர்ட். முன்னெல்லாம் வேல்யூவருங்க இந்த மதிப்பை தாராளமா தூக்கிப் போட்டு வரியை காலி பண்ணிடுவாங்க, 2020 பட்ஜெட்ல அதுக்கு கடிவாளம் போட்டுட்டாங்க, அன்னிக்கு இருந்த கைட்லைனுக்கு மேல எடுக்கக்கூடாது. அதனால பழைய கைட்லைனை பதிவு ஆபீஸ்ல கேட்டு வாங்கி ரிப்போர்ட்டோட சேர்த்து வச்சிருங்க. விக்கலேன்னாலும் அண்ணனுக்கு ஒரு நாள் உதவும்.

இப்ப உங்களுக்கு முக்கியமானது, நீங்க வாங்கப் போற 20 லட்சத்துக்கு வரி உண்டா இல்லையா. இது பத்திரத்தை எப்படி எழுதறீங்கங்கறதை பொறுத்தது, அதனால பத்திரம் எழுதறதுக்கு முன்னாடி ஆடிட்டரை பாருங்க, எழுதிட்டு வந்து கேக்காதீங்க. குடும்ப ஏற்பாடு, பாகப்பிரிவினைன்னு எழுதி ஒருத்தர் சொத்தை எடுத்து மத்தவங்க பங்கை சமன் பண்ண பணம் குடுத்தா அது விற்பனை இல்லைன்னு கோர்ட் தீர்ப்புகள் இருக்கு, சென்னை உயர்நீதிமன்றத்துலயும் இருக்கு. ஆனா இத்தனை லட்சம் வாங்கிக்கிட்டு என் பங்கை விட்டுக்குடுக்கறேன்னு விடுதலைப் பத்திரம் எழுதுனா டிபார்ட்மெண்ட் அதை விற்பனையா பார்க்க வழி இருக்கு. பாண்டி அண்ணன் முத்திரை செலவு கணக்கு சரியா சொல்லியிருக்காரு, அதுல ரெண்டும் ஒண்ணு தான், வரில ஒண்ணு இல்ல.

வரி வந்தாலும் பயப்படற அளவு இல்ல. 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்குன வீடு மனைக்கு, இங்க குடியிருக்கறவங்க 12.5 சதவீதம் நேரா கட்டலாம், இல்ல பணவீக்கம் கழிச்சு 20 சதவீதம், எது கம்மியோ அது. அப்பா வாங்குன தேதியே உங்களுக்கும் கணக்கு. வேற வீடு வாங்குனா கட்டுனா விலக்கு உண்டு. தங்கச்சி என்ஆர்ஐன்னா அவங்களுக்கு இந்த ரெண்டுல ஒண்ணு சலுகை இல்ல, 12.5 மட்டும் தான், அது மட்டுமில்லாம விற்பனையா போச்சுன்னா பணம் குடுக்கறவரு டிடிஎஸ் (குடுக்கும்போதே கழிக்கிற வரி) புடிச்சு கட்டணும், அண்ணனுக்கு அது தெரியாம போனா நோட்டீஸ் அவருக்கு வரும். தங்கச்சி நேர்ல வர முடியலேன்னா அங்க இந்தியத் தூதரகத்துல பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பலாம், அது இந்தியா வந்து 3 மாசத்துக்குள்ள இங்க முத்திரைக்கட்டணம் கட்டணும்.

அம்மா நகை எதுவும் இந்தக் கணக்குல சேர்க்கலயே? அது அம்மாவோடது, அப்பா சொத்து இல்ல.

வைகைக்கரை_தம்பி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நகையை யாரும் தொடல அக்கா. இதையெல்லாம் அப்படியே தங்கச்சிக்கு அனுப்பிட்டேன், அஞ்சு பங்குன்னு தெரிஞ்சதும் அவளும் அமைதியாயிட்டா. அண்ணன்கிட்ட போன்ல பேசுனேன், மாடியை கணக்குல சேர்க்கலேன்னு நான் சொன்னதும் குரலே மாறிடுச்சு, அப்ப வேல்யூவரை வரச்சொல்லு பார்க்கலாம்னுட்டாரு. அப்பத்தா பங்கை பத்தி சொன்னதும் தான் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. ஞாயித்துக்கிழமை அம்மாவை கூட்டிட்டு உசிலம்பட்டி போறோம்.

ரெண்டு சந்தேகம். அம்மா என் பங்கு எனக்கு வேண்டாம் அண்ணனுக்கே எழுதிடறேங்கறாங்க, அதுல எங்களுக்கு ஆட்சேபம் இல்ல, ஆனா இப்பவே எழுதுறது சரியா? இன்னொண்ணு, கடைசி வரைக்கும் விலை ஒத்து வரலேன்னா கோர்ட்டு தான் வழியா?

பத்திரம்_பாண்டி:
அம்மா பங்கை இப்ப எழுத வேண்டாம்ங்கறது என் அபிப்பிராயம். உங்க அண்ணன் தங்கமானவராவே இருக்கட்டும். வயசான காலத்துல அவங்க பேர்ல அஞ்சுல ஒரு பங்கு இருக்கறது அவங்களுக்கு ஒரு பிடி. எழுதியே ஆகணும்னா அவங்க ஆயுள் வரைக்கும் அந்த வீட்டுல குடியிருக்கிற உரிமை, பராமரிப்பு ரெண்டையும் பத்திரத்துலயே ஷரத்தா போடுங்க. 2007 பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கவனிக்கலேன்னா பத்திரத்தை ரத்து பண்ண ஆர்டிஓகிட்ட (வருவாய் கோட்டாட்சியர்) போகலாம், அந்த ஷரத்து எழுத்துல இருந்தா அங்க பேச்சு சுலபமா எடுபடும்.

கோர்ட்டு பத்தி, பாகப்பிரிவினை வழக்கு போட்டா முதல்ல யாருக்கு எத்தனை பங்குன்னு முதல்நிலை தீர்ப்பு, அப்புறம் வக்கீல் கமிஷனர் வந்து அளப்பாரு, 5 சென்ட் வீட்டை அஞ்சா பிரிக்க முடியாதுன்னு ரிப்போர்ட் குடுப்பாரு, கடைசில மதிப்பு போட்டு யாராவது ஒருத்தர் எடுத்துக்கங்க இல்ல ஏலம் விடுங்கன்னு தான் வந்து முடியும். 1893ல இருந்து இருக்கிற பங்கீட்டுச் சட்டமே அது தான். இப்ப நீங்க வேல்யூவரை வச்சு பண்ணப் போறதை அங்க பல வருஷம் கழிச்சு வக்கீல் ஃபீஸ் குடுத்து பண்ணுவீங்க. அதுக்கு முன்னாடி தாலுகா சட்டப்பணிகள் குழுல சமரசத்துக்கு மனு போட்டுப் பாருங்க, செலவில்ல, அங்க லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றம்) முடிஞ்சா அது தீர்ப்பு மாதிரியே செல்லும்.

அது போக பட்டாவை பாருங்க, இன்னும் அப்பா பேர்ல தான் இருக்கும். அஞ்சு பேர் பேருக்கும் கூட்டுப் பட்டாவா மாத்த மனு குடுத்துட்டு வேல்யூவரை வரச்சொல்லுங்க, பத்திரத்துல 5 சென்ட்னு இருந்து பட்டால நாலே முக்கால்னு இருந்தா விலை பேசுன பிறகு தெரியறதை விட இப்பவே தெரிஞ்சுக்கலாம்.

வைகைக்கரை_தம்பி:
சரிண்ணே. பட்டா நகலை ஆன்லைன்ல எடுத்துட்டேன், அளவு சரியா இருக்கு, பேரு தான் மாத்தணும். அம்மாகிட்ட குடியிருப்பு உரிமை ஷரத்தை பத்தி சொன்னேன், நீங்களாச்சு உங்க பத்திரமாச்சு, எனக்கு மாடிப்படி ஏற முடியாது கீழ ரூம் இருந்தா போதும்ங்கறாங்க. அதையே எழுதச் சொல்லிட்டேன்.